இரு கரைப் பையன்களும் கேள்வி எண் பதினான்கும்

கணக்கெடுப்பு வேலையில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது, வீட்டுத் தலைவரின் பெயரைக் கேட்பதற்கு முன்னால் நாய் கட்டியிருக்கிறதா என்று கேட்பது.

வாக்காளர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைந்த ஆசிரியர்களே, சொட்டு மருந்துப் பெட்டியோடு மாடிப்படி ஏறிய சகோதரிகளே, உங்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது. பாதி திறந்த கதவுக்குப் பின்னால் தெரியும் அந்த அரை முகத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

துறைமுகத்துக்கு வெளியே ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் இருபது வருடம் சுங்கப் படிவம் நிரப்பினேன். படிவங்கள் கம்ப்யூட்டருக்குள் போனபின் நிரப்புவதற்கு எனக்கு எதுவும் மிஞ்சவில்லை. சென்னையிலுள்ள ஓர் ஆய்வு நிறுவனம் தூத்துக்குடிக் கடற்கரைக்கு ஆறு மாத ஒப்பந்தத்தில் ஆள் எடுத்தபோது சேர்ந்துவிட்டேன். ஒரு பையன் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரையுள்ள படிப்பில் எத்தனை வருடம் தாக்குப்பிடிப்பான் என்று இந்தக் கரையில் நாங்கள் கேட்க வேண்டும். இலங்கைக் கரையில் வேறு சிலர் கேட்பார்கள். பிறகு இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பார்த்தபின் என்ன செய்வார்கள் என்று பயிற்சி வகுப்பில் கேட்டேன். ரிப்போர்ட் எழுதுவார்கள் என்று பதில் வந்தது.

கையில் ஒரு டேப்லெட், சுருக்கமாக டேப், கொடுத்தார்கள். அதில் இருபத்திரண்டு கேள்விகள். கூடவே விதிகளும் உண்டு. ஏழாவது விதி முக்கியமானது: பதில் சொல்பவர் தயங்கினால் ஒரு நிமிடம் வாய் பேசாமல் காத்திருக்க வேண்டும், நாமாக எதையும் எடுத்துக்கொடுக்கக் கூடாது. என்னோடு வந்த முத்துலெட்சுமிக்குப் பத்து வருடக் கணக்கெடுப்பு அனுபவம். அவள் ஓட்டும் ஸ்கூட்டியின் பின்சீட்டில் நான். ஒரு நிமிடம் என்றால் கைக்கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் காத்திருப்பாள். எனக்கு அந்த ஒரு நிமிடம் பிரேத ஊர்வலம் கடந்து போவதற்கு நிற்பதுபோல் இருக்கும்.

அவளிடம் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. என் மகன் கௌதம் பிளஸ் ஒன்னில் சேர்ந்து, மூன்று வாரமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. கூடப் படித்தவன் ஒருவன் பத்தாவதோடு கப்பல் வேலைப் பயிற்சியில் சேர்ந்துவிட்டான். பத்தே போதும் என்கிற வேலைக்கு எதற்குப் பன்னிரண்டு என்று ஒருநாள் பையைக் கழற்றி ஆணியில் மாட்டியவன், திரும்ப எடுக்கவில்லை. மாதக் கடைசிக்குள் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்று வகுப்பு ஆசிரியர் போனில் சொல்லிவிட்டார். நான் இரண்டு நாள் கத்தினேன். அவன் அம்மா இரண்டு நாள் அழுதாள். அதன்பின் ஆணியில் தொங்கும் பையைப் பார்க்காமல் நடமாட எங்கள் மூவருக்கும் பழகிவிட்டது. காலை எட்டரைக்கு நான் டேப்பை எடுத்துக்கொண்டு ஊரார் பிள்ளைகள் படிக்கிறார்களா என்று விசாரிக்கக் கிளம்பிவிடுவேன்.

பேனா இல்லாத கணக்கெடுப்பு

முதல் வீடு திரேஸ்புரத்தில். மரியபுஷ்பம் என்கிற அம்மா வாசலில் உட்கார்ந்து சாளை ஆய்ந்துகொண்டிருந்தார். டேப்பைப் பார்த்ததும், “என்ன குடுக்கீய?” என்றார். நாங்கள் கொடுக்க வரவில்லை, கேட்க வந்திருக்கிறோம் என்றேன். “போன வாட்டி வந்தவுக பேனாவாச்சும் குடுத்தாவ,” என்று மீனுக்குத் திரும்பிவிட்டார். முத்துலெட்சுமி தன் சொந்தப் பேனாவைக் கொடுத்தாள். கணக்கெடுப்பு தொடர்ந்தது.

பதினான்காவது கேள்விக்கு வந்தோம். உங்கள் மகன் இன்னும் எத்தனை வருடம் பள்ளிப் படிப்பில் இருப்பான் என்று நினைக்கிறீர்கள்? மகன் ஒன்பதாவது. அம்மா அரிவாள்மனையை நிறுத்தி, எதற்கு என்று கேட்டார். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி, இலங்கைப் பையன்களோடு நம் பையன்களை ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறோம் என்றேன். அவர் செதில் ஒட்டிய கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“அக்கரைக்காரன் புள்ளைகூட வேற ஒப்பிடணுமாக்கும்? மூணாவது வீட்டு டெய்சி மவன்கூட ஒப்பிட்டு ஒப்பிட்டே எம் புள்ள நாசமாப் போனான், அண்ணாச்சி!”

பேர் பத்திரம்

வீடுகளில் கேட்டதைப் பள்ளிக்கூடத்திலும் சரிபார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. கடற்கரையோரப் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புப் பதிவேட்டைத் தலைமையாசிரியர் பெருமையோடு விரித்துக் காட்டினார். அழகான கையெழுத்து. வகுப்பறையை எட்டிப் பார்த்தால், பதிவேட்டில் இருந்த கூட்டம் பெஞ்சில் இல்லை. மிச்சப் பேர் எங்கே என்றேன். ஜன்னலைக் காட்டினார். ஜன்னலுக்கு அப்பால் கடல்.

அவர்மேல் தப்பில்லை. பெயரை எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று மேலிருந்து கேட்பார்கள். வைத்திருந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. எங்கள் மேற்பார்வையாளர் பிரவீன் சென்னையிலிருந்து விளக்கியதும் ஏறத்தாழ அதுதான். ஒவ்வொரு வயதிலும் எத்தனை பையன்களின் பெயர் பள்ளியில் இருக்கிறது என்று பார்த்து, வயது வாரியாகக் கூட்டினால் நாட்டின் எண் வந்துவிடும். பெயர் இருந்தால் போதும். பெயருக்குள் பையன் இருக்க வேண்டும் என்று சூத்திரம் வற்புறுத்துவதில்லை. மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று அரசாங்கம் கடலை மூடும் காலத்திலாவது இந்தப் பிள்ளைகள் வகுப்புக்கு வரலாம். ஆனால் அதே நாட்களில்தான் கோடை விடுமுறை என்று பள்ளிக்கூடத்தையும் மூடிவிடுகிறார்கள்.

சாயங்காலம் அந்தப் பதிவேட்டில் இருந்த ஒரு பையனின் அப்பாவை மீன்பிடித் துறைமுகத்தில் பிடித்தேன். வலையை உதறிக்கொண்டிருந்தார். உங்கள் மகன் படிக்கிறானா, தொழிலுக்கு வருகிறானா, இரண்டில் எதை எழுத என்று கேட்டேன்.

“பேரு பள்ளிக்கூடத்துல கெடக்கு, பய போட்டுல கெடக்கான். ரெண்டும் பத்திரமாத்தான இருக்கு? உமக்கு என்ன நட்டம்?”

ஸ்கூட்டியில் திரும்பும்போது முத்துலெட்சுமி சிரித்துக்கொண்டே வந்தாள். கௌதமின் பெயரும் மாதக் கடைசி வரைக்கும் பத்திரமாக இருக்கும் என்று எனக்கு ஞாபகம் வந்ததால் நான் சிரிக்கவில்லை.

மேலே ஒண்ணு

பெரிய கடைவீதிக்குப் பின்னால் மளிகைக் கடை வைத்திருக்கும் தங்கராஜ் அண்ணாச்சி எங்களை உட்காரவைத்துக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். கணக்கெடுப்பில் கலர் கிடைப்பது அபூர்வம். மகன் எட்டாம் வகுப்பு. மகனைக் கேட்டால் கிரிக்கெட் என்பான், அதை எழுத வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

இன்னும் எத்தனை வருடம் படிப்பான் என்றேன். பதினைந்து என்றார். பள்ளிப் படிப்பு மட்டும்தான் கணக்கு, அதற்கு ஐந்துக்குமேல் போட முடியாது என்று விளக்கினேன். டேப் ஏற்காது என்று முத்துலெட்சுமி எடுத்துக் காட்டினாள். மூட்டை எடை குறைந்துவிட்டதுபோல் அவர் முகம் மாறியது. தராசுக்குப் பக்கத்தில் குனிந்து, குரலைத் தாழ்த்தி, வியாபார ரகசியம் பேசுகிறவராகக் கேட்டார்:

“சிலோன்காரன் எத்தனை போட்டிருக்கான்? அதுக்கு மேல ஒண்ணு போட்டுக்கிடுங்க. கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

எட்டுப் பாகம்

சங்கு குளிக்கும் சாகுல் பாய்க்கு எல்லாமே ஆழக்கணக்கு. இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். அப்படி எட்டுப் பாகம் வரைக்கும் இறங்குவேன் என்றார். மகன் ஒன்பதாவதோடு நின்றுவிட்டான். ஏன் நின்றான் என்ற கேள்விக்கு டேப்பில் எட்டுக் காரணங்கள் பட்டியலாக இருந்தன. தூரம், கட்டணம், உடல்நலக் குறைவு என்று நான் ஒவ்வொன்றாக வாசித்தேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். இல்லை, இல்லை, இல்லை. கடைசியில் ‘பிற’ என்று இருந்தது. அதைத் தொட்டால் காரணத்தை எழுதச் சொல்லிக் கட்டம் ஒன்று திறக்கும்.

“எழுதிக்கிடுங்க: ஆறு, ஏழு, எட்டு எல்லாம் நல்லாத்தான் எறங்குனான். ஒம்பதாவதுல கணக்கு வந்துச்சு, மூச்சு முட்டிச்சு, மேல வந்துட்டான்.”

அப்படியே எழுதினேன். இது எந்த வகைக் காரணம் என்று சென்னையில் ஒரு வாரம் ஆலோசித்தார்கள்.

தெரியாது என்பது பதில் இல்லை

பதினான்காவது கேள்விக்கு வீட்டுக்கு வீடு கிடைக்கும் உண்மையான பதில் “தெரியாது”. ஒரு பையன் எத்தனை வருடம் படிப்பான் என்று அவன் அம்மாவுக்கு எப்படித் தெரியும்? ஆனால் அந்தக் கட்டத்தில் எண்ணைத் தவிர எதையும் டேப் ஏற்காது. பிரவீனுக்குப் போன் போட்டேன். இளம் வயது, மரியாதையான பிள்ளை.

“சார், தெரியாதுங்கிறது டேட்டா இல்ல சார். வெயிட் பண்ணுங்க, சொல்லுவாங்க.”

முத்துலெட்சுமி காத்திருந்தாள். அந்தப் பெண்கள் முதலில் சேலைத் தலைப்பைப் பார்ப்பார்கள், பிறகு தெருவைப் பார்ப்பார்கள், கடைசியில் மெதுவாக ஏதோ ஓர் எண்ணைச் சொல்வார்கள். ஒரு வீட்டில் ஒன்று, ஒரு வீட்டில் நாலு, ஒரு வீட்டில் பூஜ்யம். வேலையைப் பங்கு போட்டு ஆளுக்கொரு தெரு என்று பிரிந்தபின் நான் காத்திருக்கவில்லை. தெரியாது என்ற வாய் மூடுவதற்குள், “ரெண்டுன்னு போட்டுக்கிடட்டுமா?” என்று கேட்டேன். இரண்டு நல்ல எண். யாருக்கும் வருத்தமில்லை. எல்லோரும் போடுங்க என்றார்கள். அதற்காகவே காத்திருந்தவர்கள் போலச் சில பேர் கும்பிடவும் செய்தார்கள். மாதக் கூட்டத்தில் பிரவீன் என்னைப் பாராட்டினான். என் தெருக்களின் எண்கள் ஏற்ற இறக்கம் இல்லாமல் சீராக இருக்கின்றனவாம்.

நிரப்பியதை எல்லாம் அன்றன்றைக்கு இன்டர்நெட்டில் ஏற்றிவிட வேண்டும். என் போனில் மாலைக்குள் டேட்டா தீர்ந்துவிடும். எனவே கௌதம் தன் போனிலிருந்து இணைப்புக் கொடுத்து அவனே ஏற்றிவிடுவான். அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவே அப்போது மிச்சமிருந்த பேச்சுவார்த்தை அது ஒன்றுதான். ஒருநாள் திரையில் விரலை ஓட்டிக்கொண்டே போனவன் நிமிராமல் கேட்டான்:

“ஊருல இருக்க பயலுவ அம்புட்டுப் பேருக்கும் ரெண்டுதானாப்பா?”

மன்னார்க்காரர்

சனிக்கிழமைதோறும் இலங்கைக் குழுவோடு வீடியோவில் பேச வேண்டும். அக்கரையில் என்னைப்போல் வீடு வீடாகப் போகிறவர் மன்னாரைச் சேர்ந்த அன்ரன். அலுவல் பேச்சு முடிந்ததும் மற்றவர்கள் போய்விடுவார்கள். நாங்கள் இருவரும் இருப்போம். உங்கள் எண் என்ன, எங்கள் எண் என்ன என்று ஒருவரையொருவர் துப்பறிவோம். பரீட்சை முடிந்து வெளியே வரும் பிள்ளைகள் மாதிரிதான். இரண்டு பேருமே சொல்ல மாட்டோம்.

“இஞ்சயும் உதுதான் அண்ணை கதை,” என்றார் ஒருநாள். “பெடியள் ஓ.எல். சோதினை எழுதுவாங்கள். றிசல்ட் வரேக்க ஆள் கடலில நிப்பான்.” ஓ.எல். என்பது நம் பத்தாம் வகுப்புப் பரீட்சை மாதிரி. சொந்தப் பிள்ளைகள் பற்றிப் பேச்சு வந்தது. தன் மூத்தவன் ஏ.எல்., அதாவது அவர்களுடைய பிளஸ் டூ, படிக்கிறான், கணிதப் பிரிவு என்றார். உங்கள் மகன் என்று கேட்டார். பிளஸ் ஒன், நன்றாகப் படிக்கிறான் என்றேன். இப்படியாக இரு நாடுகளும் அன்றைக்குச் சமநிலையில் நின்றன.

அடுத்த சனிக்கிழமை அன்ரன் கேமராவைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். மூத்தவன் படிப்பை விட்டு நாலு மாதமாகிறது. மோட்டார் சைக்கிள் கராஜ் ஒன்றில் வேலைக்கு நிற்கிறான். போன வாரம் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“நீங்கள் இந்தியா எல்லோ, அண்ணை? விட்டுக்குடுக்க மனம் வரேல்ல. அதுதான் பொய் சொல்லிப்போட்டன்.”

பதிலுக்கு என் உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. நான் சொன்னது, “அங்கே மழையா?”

துரு

மணப்பாட்டில் ஒரு போசன் வீடு. கப்பலின் மேல்தளத்து ஆட்களுக்குத் தலைவர் போசன். இவர் பெயர் சேவியர். எட்டு மாதம் கடலில் இருந்துவிட்டு லீவில் வந்திருந்தார். மாடி வீடு. கூடத்தில் ஏசி ஓடியது. ஜன்னலைத் திறந்தால் மேட்டில் குருசுக் கோயில். மகன் பன்னிரண்டாம் வகுப்பு. பதினான்காவது கேள்விக்கு ஒன்று என்று உடனே சொன்னார். மாலுமி என்றால் அளவாகப் பேசுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

கேள்விகள் தீர்ந்தபின் நான் டேப்பில் இல்லாத ஒன்றைக் கேட்டேன். கப்பலுக்குப் பத்தாவது போதும் என்கிறார்களே, பிறகு பன்னிரண்டு எதற்கு? முத்துலெட்சுமி என் பக்கம் திரும்பி, “இது எத்தனாவது கேள்வி, அண்ணாச்சி?” என்றாள். சேவியர் பொருட்படுத்தவில்லை.

“பத்து படிச்சவன் துருவச் சொரண்டுவான். பன்னெண்டுல கணக்கும் பிசிக்சும் படிச்சிட்டு வாரவன் அங்கன நின்னு சொரண்டச் சொல்லுவான். காத்தடிச்சா வாந்தி மட்டும் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்.”

மூன்று வாரமாகத் தேடிக்கொண்டிருந்த வாக்கியம் கிடைத்துவிட்டது. வாந்தியை மட்டும் நீக்கிவிட்டு, சொந்தமாக யோசித்ததுபோல் அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் கௌதமிடம் சொன்னேன். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே யார் சொன்னது என்றான். ஒரு போசன் என்றேன். அவர் என்ன படித்திருக்கிறார் என்றான். பத்து. வீடு எப்படி என்றான். பொய் சொல்லும் பழக்கம் அந்த நேரம் பார்த்துக் கைகொடுக்கவில்லை. மாடி வீடு, ஏசி இருக்கிறது என்றேன்.

“அப்போ துரு நல்ல துருதான் போலுக்கு.”

வலப்பக்கம் ஏழாவது வீடு

எந்தத் தெருவில் எந்த வீடு என்பதை டேப்தான் குலுக்கிப் போட்டுச் சொல்லும். மில்லர்புரத்தில் அது எங்கள் தெருவை எடுத்தது. வலப்பக்கம் ஏழாவது வீடு. இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன். தெருமுனையில் நின்று விரல்விட்டு எண்ணினாலும், வாசல் வாசலாக நடந்து எண்ணினாலும், ஏழாவதாக வந்து நின்றது என் வீடுதான். வேறு வீடு மாற்றித்தரக் கேட்டேன். வீடு மாற்றினால் மொத்தக் கணக்கும் கெட்டுவிடும் சார் என்று பிரவீன் வருந்தினான். சொந்த வீட்டை நானே எடுக்கக் கூடாது. முத்துலெட்சுமிதான் வர வேண்டும்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வா என்றேன். ஐந்து மணிக்கு எந்தப் பையனும் வீட்டில் இருக்கலாம். யாரும் சந்தேகப்பட முடியாது. அவளுக்கு முந்தைய தெரு சீக்கிரம் முடிந்துவிட்டது. புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்து நின்றாள். ஐந்து மணி ஏற்பாட்டுக்காக நான் லீவு போட்டு வீட்டில் இருந்தேன். கதவைத் திறந்தது கௌதம். கைலியும் பனியனும். அவள் அவனைப் பார்த்தாள், ஆணியில் தொங்கிய பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு டேப்பைத் திறந்தாள். ஆச்சரியத்தைக் காட்டக் கூடாது என்பது நாலாவது விதி.

என் மனைவி சாந்தி பரீட்சை எழுத வந்தவள்போல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். பன்னிரண்டாவது கேள்வி: கடந்த ஏழு நாட்களில் மகன் எத்தனை நாள் பள்ளிக்குச் சென்றான்? நான் இருமினேன். முத்துலெட்சுமி டேப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், “அண்ணாச்சி, நீங்க உள்ள போய் எல்லாருக்கும் காப்பி போடுங்க,” என்றாள். போனேன். அடுப்படியில் நின்றாலும் கூடத்துப் பேச்சுக் கேட்கும். எங்கள் வீடு அவ்வளவு பெரியதில்லை.

“ஒரு நாளும் போகலக்கா. மூணு வாரமா போகல,” என்றாள் சாந்தி.

பதிமூன்றாவது கேள்வி, என்ன காரணம். முத்துலெட்சுமி எட்டையும் வாசித்தாள். சாந்தி எட்டுக்கும் இல்லை என்றாள். பிறகு, “வையத்தான் செஞ்சோம். ஏன்னு ரெண்டு பேரும் கேக்கல,” என்றாள்.

பதினான்கு. உங்கள் மகன் இன்னும் எத்தனை வருடம் பள்ளிப் படிப்பில் இருப்பான் என்று நினைக்கிறீர்கள்?

“தெரியாதுக்கா.”

முத்துலெட்சுமி கடிகாரத்தைப் பார்த்திருப்பாள். சத்தமே இல்லை. ரெண்டு என்ற சொல் என் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. பால் பொங்கி வந்தது. அடுப்பை அணைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அது பொங்கி வழிந்து அடுப்பை அதுவே அணைத்துக்கொண்டது. அப்போதுதான் கௌதமின் குரல் கேட்டது.

“யக்கா, எங்கப்பா மத்த வீட்டுக்கெல்லாம் எத்தனை போட்டாருன்னு தெரியுமா?”

“அதெல்லாம் ரகசியம் தம்பி, சொல்லக் கூடாது.”

“ரெண்டு. எல்லாத்துக்கும் ரெண்டு. நான்தான தெனமும் ஏத்திவிடுதேன். எனக்கு ஒண்ணு போடுங்க. இந்த வருசம் போறேன். அடுத்த வருசத்தப் பத்தி அடுத்த வருசம் வந்து கேளுங்க. ஒரு வீட்டுலயாவது கேட்டுப் போட்ட மாதிரி இருக்கட்டும்.”

பால் இல்லாமல் கடுங்காப்பிதான் கொண்டுபோனேன். முத்துலெட்சுமி அதைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். டேப்பை மூடிப் பையில் வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டே, வெயிலைப் பற்றிச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்:

“ரெண்டு போட்ட வீட்டு லிஸ்ட எடுத்து வையுங்க, அண்ணாச்சி. நாளைக்கு முதல் வீட்டுலேருந்து திரும்பப் போவணும்.”

வெற்றி

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் காய்ச்சல் என்று எழுதச் சொன்னார் வகுப்பு ஆசிரியர். அவருக்கும் ஒரு படிவம், அவருக்கும் மேலே யாரோ. கௌதம் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நின்றான். பையில் தூசி படிந்திருந்தது. தட்டிவிடக் கை நீட்டினேன், விலகிக்கொண்டான்.

சனிக்கிழமை அன்ரனிடம் சொல்லிவிட்டேன். நன்றாகப் படிக்கிறான் என்று சொன்னது பொய். மூன்று வாரம் பையன் வீட்டில்தான் இருந்தான். இப்போது போகிறான், ஆனால் அவனே கொடுத்திருக்கும் தவணை ஒரு வருடம். அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கேமராவுக்கு நெருக்கமாக முகத்தைக் கொண்டுவந்தார். இத்தனை நாளாக இரண்டு பேரும் ஒளித்துவைத்த எண்ணை ஒருவழியாக அறிந்துகொண்ட நிம்மதி அதில் தெரிந்தது.

“ஒண்டோ? எங்கட வீட்டில பூச்சியம், அண்ணை. அப்ப இந்தியா வெண்டிட்டுது!”

இரண்டு போட்ட வீடுகளுக்கெல்லாம் மறுபடி போய்ப் பதினான்காவது கேள்வியைக் கேட்டுவிட்டு, விதிப்படி ஒரு முழு நிமிடம் வாய் பேசாமல் நின்றேன். தயங்காமல் உடனே பதில் சொன்னவை நாய்கள் மட்டும்தான்.